சாய்ந்துகொண்டு சைக்கிள் விடலாமா?

விருதுநகரிலிருந்து காரியாபட்டிக்குப் போகும் வழியில் இருக்கிறது மல்லாங்கிணறு. சுற்றிலும் கரிசல் காடு. கண்ணுக்கெட்டிய வரை மேடு என்பதே கிடையாது. சைக்கிள் விடுவதற்கு இதைவிட நல்ல ஊர் உண்டா என்று எண்ணிக்கொண்டே பஸ்ஸிலிருந்து இறங்கினேன். ஆடி மாதம் என்பதை மறந்துவிட்டேன்! மறு நிமிஷம் என் புடவைத் தலைப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மேடில்லாத ஊரில் காற்றுதான் மேடு என்பது அப்போது புரிந்தது.

நான் போனது என் சிநேகிதியின் மாமனார் வீட்டுக்கு. வயது 72. தினமும் சைக்கிளில் காட்டுக்குப் போய் வருகிறவர். ஆறு மாதமாக முழங்கால் வலி. "அந்தச் சைக்கிளை வித்துத் தொலைங்க" என்கிறார் அவர் சம்சாரம். பெங்களூரிலுள்ள மகனோ, சாய்வு நாற்காலியில் படுத்தாற்போல் மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிளின் படத்தை அனுப்பி, "வாங்கித் தருகிறேன்" என்கிறான்.

"காட்டுக்குப் போகாம வீட்டுல உட்கார்ந்தா நான் எதுக்குத் தாயி?" என்றார் பெரியவர்.

வாசக சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கலாம். ஆகையால் அன்று கண்டதைச் சொல்கிறேன்.

முதலில் பழைய சைக்கிளைப் பார்த்தோம். சீட் அடியோடு இறக்கியிருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் நெஞ்சை நோக்கி ஏறியது.

"ஏன் அய்யா இவ்வளவு பள்ளமாக?"

"கால் தரையில ஊனணும்ல? விழுந்தா இந்த வயசுல எலும்பு சேருமா?"

நியாயந்தானே! ஆனால் வலிக்கு வித்தும் அதுதான். பெடல் அடியில் இருக்கும்போது, குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்படி இருந்தால், முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் கொஞ்சமே மடங்கும். விழுகிற பயம் சீட்டை இறக்குகிறது; இறங்கிய சீட் மூட்டைத் தின்கிறது.

மூன்று சக்கரச் சாய்வு சைக்கிளின் சௌகரியம் இங்கேதான். கால் ஊன்ற வேண்டியதே இல்லை. சீட்டுக்கும் பெடலுக்கும் உள்ள தூரத்தைக் காலுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். சாய்ந்திருப்பதால் எதிர்காற்றும் குறைவாகவே தடுக்கும். 1933-இல் பாரிஸில் பிரான்சிஸ் போர் என்பவர் இப்படிச் சாய்ந்தபடியே ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சாதனை செய்தார். மறு வருஷமே பந்தயக்காரர்கள், "இது எங்கள் சைக்கிளோடு சேர்த்தி அல்ல" என்று தள்ளி வைத்துவிட்டார்கள்!

அதற்காகக் கிடைத்ததை வாங்கிவிடக் கூடாது. மகன் அனுப்பிய படத்தில் சீட் தரையோடு தரையாக இருந்தது. அதிலிருந்து எழுந்திருப்பதே முழங்காலுக்குப் பெரிய தண்டனை. நாற்காலி உயரம் வேண்டும். முதுகைச் சாய்த்து மிதிக்கும்போது உடல் எடைக்கு மேலாகக்கூட உந்த முடியும். அதனால் மிக லேசான கியர் அவசியம். பெடலைத் தாங்கும் கிராங்க் பெரியவர் சைக்கிளில் 17 சென்டிமீட்டர், 15 போதும். பாதம் சுற்றும் வட்டம் சிறுத்தால் முழங்கால் மடிவதும் குறையும். குதிகால் நழுவிக் கீழே போகாமல் பெடலில் வார் இருக்க வேண்டும். சிறு கொடி ஒன்றும் கட்டாயம். இல்லாவிட்டால் லாரிக்காரர் கண்ணில் படாது.

இத்தனையும் இருந்தால் வாங்கலாம் என்று மகனுக்கு எழுதச் சொன்னேன். மூட்டு வீங்கியிருந்தால் எந்த சைக்கிளுக்கும் முன்பு டாக்டர்தான்.

அதுவரை? பழைய சைக்கிளின் பற்களை எண்ணினோம். முன்னால் 44, பின்னால் 18. ஒரு மிதிக்குச் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று. சைக்கிள் கடைக்காரர் பின்னால் 22 பல் பிரீவீலை மாட்டி, செயினில் ஒன்றிரண்டு கண்ணி சேர்த்தார். இப்போது இரண்டே சுற்று. வேகம் குறைவு, பளுவும் குறைவு. சீட்டை இரண்டு விரல்கடை மட்டும் உயர்த்தச் சம்மதித்தார் பெரியவர். அதற்கு மேல் மறுத்துவிட்டார்.

எதிர்காற்றில் தெருக்கோடி வரை போய்த் திரும்பியவர், "தேவலை தாயி" என்றார். அவர் சம்சாரம் அதைக் காதில் வாங்கவில்லை. மகன் அனுப்பிய படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏன் தாயி, இதுல புல்லுக்கட்டை எங்க வைக்கிறது?" என்று கேட்டார்.