காலிப் பாட்டில்

புலாவ் செபாங்கில் ஒரு கல்யாண வீட்டில், "இவர் யுனிவர்சிட்டி லேப்பில பாட்டில் கழுவியே பென்ஷன் வாங்கினவர்" என்று என்னை ஒருவருக்கு அறிமுகம் செய்தார்கள். பொய்யில்லை, கழுவினேன்தான். என்ன பாட்டில், எதற்குக் கழுவினாய் என்று கேட்க மட்டும் அங்கே ஆளில்லை. பனியில் தூசியை அளக்கத்தான்.

அண்டார்டிகாவின் உட்பகுதியில் இன்று விழும் பனியில் ஒரு கிலோவை உருக்கினால் 10, 15 மைக்ரோகிராம் மண்தூசி தேறும், அவ்வளவுதான். பனியுகத்தில் அங்கே இதைப்போல் சுமார் 25 மடங்கு விழுந்திருக்கிறது. பெரும்பாலும் தென் அமெரிக்காவின் பட்டகோனியா மண். பத்து ஐரோப்பிய நாடுகள் கூடி டோம் சி என்ற இடத்தில் 3,200 மீட்டருக்கு மேல் துளைத்தெடுத்த பனித்தண்டில் 8,00,000 ஆண்டுத் தூசிக்கணக்கு இருக்கிறது. தூசியில் ஸ்ட்ரான்சியம், நியோடிமியம் என்ற தனிமங்களின் ஐசோடோப்பு விகிதத்தைப் பார்த்தால் மண்ணின் சொந்த ஊர் தெரிந்துவிடும். இப்போது துருவங்களில் பனியாறுகள் பின்வாங்க, அடியில் அரைபட்டுக் கிடந்த பொடிமண் காற்றில் ஏறுகிறது. பனிமேல் படிந்தால் வெயிலை உறிஞ்சி அதை உருக்கும். கடலில் விழுந்தால் நுண்பாசிக்கு இரும்புச்சத்து. மேகத்துக்குள் போனால் நீர்த்துளியை உறையவைக்கும். ஒரு நாடு தனியாக அளந்து முடிகிற காரியமில்லை.

மலேசியாவான நமக்கு அண்டார்டிகாவில் சொந்த நிலையம் கிடையாது. 1982-இல் ஐ.நா.வில் அப்போதைய பிரதமர் மகாதீர் அண்டார்டிகா விவகாரத்தைக் கிளப்பினார். 2011-இல் அண்டார்டிகா ஒப்பந்தத்தில் சேர்ந்தோம். இந்தியாவுக்கு மைத்ரி, பாரதி என்று சொந்த நிலையங்கள் இருக்கின்றன. நம் ஆட்கள் நியூசிலாந்தின் ஸ்காட் தளம், ஆஸ்திரேலியாவின் கேசி என்று பிறர் நிலையங்களில் இடம் கேட்டுத்தான் போக வேண்டும். கெட்டுப்போன பனி மாதிரிக்குப் பதில் இன்னொன்று எடுக்க அடுத்த கோடைவரை காத்திருக்க வேண்டும், அதுவும் இடம் கிடைத்தால். நான் போனதில்லை. என் பாட்டில்கள் போயிருக்கின்றன.

எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர் ஒரு சீனர். எல்லோருக்கும் அவர் 'அங்கிள்'. சோப்புத் தண்ணீர், பிறகு நைட்ரிக் அமிலத்தில் நாள்கணக்கில் ஊறல், பிறகு 18.2 மெகாஓம் அதிசுத்தத் தண்ணீரில் அலசல், வடிகட்டிய காற்றடிக்கும் மேடையில் உலர்த்தல், இரட்டைப் பை. இதையெல்லாம் வாயால் சொல்லித்தரவில்லை. நான் கழுவிய பாட்டிலில் சுத்தத் தண்ணீரை ஊற்றி வாரக்கடைசி முழுக்க வைத்துவிட்டு, திங்கட்கிழமை மெஷினில் ஓட்டுவார். திரையில் கால்சியம் தலைகாட்டினால் "சூச்சி லாகி" என்பார். மறுபடி கழுவு. காரணம் சொல்ல மாட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த வார்த்தை அநேகமாக அது ஒன்றுதான். லேப்பை விட்டே ஓடிவிடலாம் என்றிருந்தது.

காரணத்தை நானாகத்தான் தேடிப் பிடித்தேன். கையுறை! அச்சிலிருந்து ரப்பர் ஒட்டாமல் உரிந்து வரக் கால்சியம் கார்பனேட் பூசுகிறார்கள். பனியில் மண்தூசியைக் கணக்கிட நாங்கள் தேடுவதும் கால்சியம்தான், கடல் உப்பிலிருந்து வந்த பங்கைக் கழித்துவிட்டு. 'பவுடர் இல்லாதது' என்று டப்பாவில் போட்டிருந்தாலும் மிச்சம் ஒட்டிக்கொண்டுதான் வரும். எங்கள் அப்பா அம்மா தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டினார்கள். உலகத்துக்கே கையுறை செய்கிற நாடு இது. எனக்குக் கிடைத்த எதிரியும் அதே ரப்பர். அன்றிலிருந்து கையுறையை மாட்டிக்கொண்டு முதலில் கையுறையைக் கழுவினேன். அடுத்த திங்கட்கிழமை அங்கிள் திரையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போனார். பட்டம் வாங்கிய மாதிரி இருந்தது.

சிறு வயதில் அம்மாவோடு ரப்பர் மர நிரைக்குப் போய், பால் வடிகிற மங்கு துடைத்திருக்கிறேன். மங்கில் நேற்றைய பால்கட்டி ஒட்டியிருந்தால் இன்றைய பாலும் கெடும். அதே வேலையைத்தான் குளுகுளு அறையில் செய்தேன், சம்பளம் கூட.

இப்போதைய பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கம்ப்யூட்டரில் காற்றைப் பின்னோக்கி ஓட்டி, தூசி எந்தக் கரையிலிருந்து கிளம்பியது என்று படம் போட்டுவிடுவார்கள். பிளாங்க் என்றால்தான் முகம் சுளிப்பார்கள். பாட்டிலின் சொந்த அழுக்கு எவ்வளவு என்று அறியக் காலிப் பாட்டிலைத் துருவம்வரை கொண்டுபோய், மாதிரி எடுக்கிற இடத்தில் திறந்து மூடி, அப்படியே திருப்பிக் கொண்டுவருவதுதான் பிளாங்க். அது அவர்களுக்கு வீண் சுமை. "ஒரு பெட்டிக்கு ஒண்ணு போதும் அங்கிள், சராசரியைக் கழிச்சிக்கலாம்." கழிக்கலாம். சுத்தமான பாட்டிலில் இருக்கிற தூசி காணாமல்போகும், அழுக்குப் பாட்டிலில் இல்லாத தூசி முளைக்கும். அந்த எண் நம்மோடு நிற்காது. பல நாட்டுக் கணக்கோடு ஒரே அட்டவணையில் ஏறும். எங்கோ ஒருவர் அதை வைத்துப் பட்டகோனியாவில் வறட்சி என்பார்.

தூசிக்காகக் காற்றை உறிஞ்சும் பம்ப் விஷயமும் அப்படித்தான். நிலையத்து டீசல் ஜெனரேட்டர் பக்கமிருந்து காற்றடித்தால் பம்ப் தானாக நிற்கும்படி வைக்க வேண்டும். நின்றால் மாதிரி குறைகிறதாம், அதனால் ஓடவிடலாமாம். டீசல் புகையை அளக்கத் துருவத்துக்கு ஏன் போக வேண்டும்? கோலாலம்பூரில் நெடுஞ்சாலை ஓரமாக நின்றாலே போதுமே.

வெளிவந்த கட்டுரைகளின் கடைசியில் 'ஆய்வக ஊழியர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி வரும். பெயர் இருக்காது. அதுகூடப் போகட்டும். ஓய்வுபெறும்போது பிளாங்க் கணக்கெழுதிய லெட்ஜர்களை அலமாரியில் அடுக்கிவிட்டு வந்தேன். எந்தப் பெட்டி மூடியில் இரும்பு கசிந்தது, எந்தக் கையுறை ஆகாது, எல்லாம் அதில் தேதியோடு இருக்கிறது. ஸ்கேன் செய்து வையுங்கள் என்றேன். "பார்க்கலாம் அங்கிள்" என்றார்கள். போன மாதம் போன் போட்டுக் கேட்டேன். எந்த அலமாரி என்று கேட்கிறார்கள்.