அப்பாவின் தபால் தலை

சென்ற ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே, விஞ்ஞானப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். செல்லுக்கு வேண்டிய சக்தி ஏ.டி.பி. என்னும் பொருளிலிருந்து கிடைக்கிறது என்று ஏழெட்டுத் தடவை சொன்னவள், சட்டென்று ஊஞ்சலை நிறுத்தினாள்.

"சித்தி, இந்த ஏ.டி.பி.யைக் கண்டுபிடிச்சது யாரு? புஸ்தகத்திலே பேரே போடலையே?"

நான் சமையலறையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். பதில் எனக்குத் தெரியும். ஆனால் உடனே சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பதிலோடு என் அப்பாவின் முகமும் சேர்ந்து வந்துவிட்டது.

அதைச் சொல்வதற்கு முன், ஏ.டி.பி. என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சகோதரிகள் பயப்பட வேண்டாம். எல்லாம் நம் வீட்டு விவகாரந்தான். காலையில் நாலு இட்லி சாப்பிடுகிறோம். அந்த இட்லி ஒரு பெரிய நோட்டு மாதிரி. கண்ணை இமைக்கவும், குடத்தைத் தூக்கவும், இதயம் ஒரு தடவை துடிக்கவும் உடம்பு சில்லறையாகக் கொடுத்தாக வேண்டும். இட்லியை நேராகத் தசைநாரிடம் நீட்டினால், பஸ் கண்டக்டரைப் போல அது நம்மை முறைக்கும்! ஆகவே நாம் உண்ணும் சோறு, பருப்பு, நெய் எல்லாவற்றையும் செல்லானது ஒரே விதமான சில்லறையாக மாற்றிக்கொள்கிறது. அந்தச் சில்லறைதான் அடினோசின் டிரை பாஸ்பேட் என்ற ஏ.டி.பி. அதில் மூன்று பாஸ்பேட் கண்ணிகள் வரிசையாகக் கோத்திருக்கும். கடைசிக் கண்ணி கழலும்போது வேலைக்குச் சக்தி கிடைக்கிறது. சாப்பாட்டின் உதவியால் கண்ணி மறுபடி மாட்டப்படுகிறது. எந்த நேரத்தில் எடை போட்டாலும் நம் உடம்பில் சில பத்துக் கிராம் ஏ.டி.பி.தான் இருக்கும். ஆனால் அதுவே திரும்பத் திரும்பப் புரண்டு, ஒரு நாள் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட நம் எடை அளவுக்கே வந்துவிடும்!

இனி அப்பாவின் கதை.

அப்பா ஒரு வைத்தியக் கல்லூரியின் ரசாயனப் பிரிவில் லாப் அட்டெண்டராக இருந்தார். சோதனைக் குழாய்களைக் கழுவுவது, திராவகங்களைக் கலந்து பாட்டில்களில் ஊற்றிச் சீட்டு ஒட்டுவது இவைதாம் அவர் வேலை. இரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அறிய அங்கே ஒரு சோதனை உண்டு. மருந்தை விட்டதும் குழாயில் நீல நிறம் தோன்றும். நீலம் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு பாஸ்பரஸ். பிஸ்க், சுப்பராவ் என்ற இருவர் 1925-ல் வெளியிட்ட முறை அது. அப்பாவுக்கு அது வெறும் சோதனை அல்ல. "சுப்பராவ் நீலம்" என்றே சொல்வார். அந்தச் சுப்பராவ் யார் என்று பேராசிரியர் ஒருவர் எப்போதோ அவருக்குச் சொல்லியிருக்கிறார். 1995-ல் சுப்பராவின் நூற்றாண்டுக்குத் தபால் தலை வெளியிட்டார்கள். அப்பா தபாலாபீசுக்குப் போய் ஒன்று வாங்கி வந்தார். எனக்கு அப்போது எட்டு வயது.

நான் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படித்தபோது, ஒரு நாள் இரவு ஏ.டி.பி.யைப் பற்றி மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அப்பா துண்டால் கையைத் துடைத்தபடி வந்து நின்றார்.

"ஏ.டி.பி.யா? எங்க சுப்பராவ் கண்டுபிடிச்சதாச்சே அது!" என்றார், முகமெல்லாம் மலர.

"லோமன்னு ஒரு ஜெர்மன்காரர் கண்டுபிடிச்சது அப்பா. புஸ்தகத்திலே அப்படித்தான் இருக்கு. குழாய் கழுவறவங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றேன்.

விளையாட்டாகத்தான் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்திருக்கிறேன். விளையாட்டு இல்லை. காலேஜில் தோழிகள் கேட்டபோதெல்லாம், அப்பா மெடிகல் காலேஜில் இருக்கிறார் என்பதோடு நிறுத்திக்கொண்டவள் நான். அப்பா பதில் பேசவில்லை. துண்டை மடித்துக் கொடியில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தார். மறுநாள் என் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் தபால் தலை இருந்தது. பக்க அடையாளம் என்று நினைத்துக்கொண்டேன்!

அப்பா காலமாகி ஆறு வருஷமாகிறது. போன வருஷம் எங்கள் ஆசிரியர் விஞ்ஞானிகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார். அதற்காகப் படித்தபோதுதான், அப்பா சொன்னது பொய்யில்லை என்று தெரிந்தது.

எல்லப்பிரகட சுப்பராவ் 1895-ல் ஆந்திரத்தில் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை சென்னைத் திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலிலிருந்து எழுதித் தேறினார். படிப்புக்காகத் தாயார் தம் நகைகளை விற்றார். சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தவர், காந்திஜியின் அழைப்பைக் கேட்டுக் கதர் அங்கி அணிந்து அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக, அதற்குத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. இடையே அண்ணாவை ஸ்ப்ரூ என்னும் கொடிய வயிற்று நோய் கொண்டுபோயிற்று.

1922-ல் மாமனார் பண உதவி செய்ய, இளம் மனைவி சேஷகிரியிடம் சீக்கிரம் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பாஸ்டன் நகரில் ஆஸ்பத்திரி ஒன்றில் இரவில் எடுபிடி வேலை செய்து வயிற்றைக் கழுவினார். பிறகு ஹார்வர்டில் சைரஸ் பிஸ்க்கின் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். அந்த நீலச் சோதனையைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் தசைக்குள் புகுந்து பார்த்தார்கள். 1927-ல் பாஸ்போகிரியாட்டின் என்ற பொருள் அகப்பட்டது. தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று அதுவரை நோபல் பரிசு பெற்றவர்கள் உள்படப் பலர் நம்பியிருந்த கொள்கை அதனால் ஆட்டங்கண்டது. 1929-ல் ஏ.டி.பி.யும் அகப்பட்டது.

அதே 1929-ல் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியே அதைக் கண்டுபிடித்தார். அவருடைய கட்டுரை கொஞ்சம் முந்தி வெளிவந்தது. ஆக, என் புத்தகமும் பொய் சொல்லவில்லை. அப்பாவும் பொய் சொல்லவில்லை. புத்தகம் பாதியைச் சொல்லிற்று. மீதியைச் சொல்ல வந்தவரின் வாயை நான் அடைத்தேன்.

அந்தப் பொருள்தான் உடம்பின் பொதுச் சில்லறை என்று 1941-ல் விளக்கியவர் பிரிட்ஸ் லிப்மன். அவருக்கு 1953-ல் வேறொரு கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசு கிடைத்தது. செல்லுக்குள் அந்தச் சில்லறை எப்படி அச்சாகிறது என்று 1961-ல் புதிய கருத்துச் சொன்ன பீட்டர் மிட்சலை முதலில் பலரும் நம்பவில்லை. 1978-ல் அவருக்கே நோபல் பரிசு தந்தார்கள். அச்சடிக்கும் யந்திரம் நம் வீட்டுக் கிரைண்டரைப் போல நிஜமாகவே சுழல்கிறது! அதன் சூட்சுமத்தை விளக்கிய பால் பாயரும் ஜான் வாக்கரும் 1997-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

சுப்பராவுக்கு? ஹார்வர்டில் நிரந்தரப் பதவிகூடக் கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனார். அங்கே அவர் தலைமையில் வேலை செய்தவர்கள் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். கர்ப்பிணிகளுக்கு டாக்டர் எழுதித் தருகிறாரே, அந்த மாத்திரையில் இருப்பது அதுதான். அண்ணாவைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கான ஹெட்ரஸான் மருந்தும் அந்தக் கூடத்திலிருந்தே வந்தது. 1948 ஆகஸ்டில், 53-வது வயதில், அங்கேயே காலமானார். பாரதம் சுதந்திரம் அடைந்து ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது. அவர் ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை.

அவர்களுக்குப் பிறந்த ஆண் குழந்தை கைக்குழந்தையாகவே போய்விட்டது. சேஷகிரி அம்மாள் 1922-ல் வழியனுப்பிய கணவரை மறுபடி பார்க்கவே இல்லை. இருபத்தாறு வருஷம்! தபால் தலையில் சுப்பராவின் முகம் இருக்கிறது. அந்த அம்மாளுக்கு எங்கே இடம் இருக்கிறது? பெரியவர்களைக் கௌரவிக்கிறோம் என்று படம் அச்சடிக்கிறோம், மாலை போடுகிறோம். அவர்கள் பின்னால் நகையை விற்றவர்களும், காத்திருந்தவர்களும், குழாய் கழுவியவர்களும் இருக்கிறார்கள் என்பது எனக்கு இவ்வளவு வயதான பிறகுதான் உறைத்தது.

இவ்வளவையும் அன்று குழந்தைக்குச் சொன்னேன். தாத்தாவிடம் நான் பேசிய பேச்சையும் மறைக்காமல் சொன்னேன். பீரோவிலிருந்து தபால் தலையை எடுத்துக் காட்டினேன். அவள் அதை உள்ளங்கையில் வைத்து வெகு நேரம் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து, பாடப் புத்தகத்தின் ஓரத்தில் பிஸ்க், சுப்பராவ், லோமன் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள்.

"சித்தி, அந்தச் சேஷகிரிப் பாட்டி பேரையும் எழுதட்டுமா?"

"எழுதேன்" என்றேன்.

எழுதினாள். எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தாத்தா பேரு?" என்றாள்.

பென்சில் முனை மழுங்கியிருந்தது. வாங்கிச் சீவிக் கொடுத்தேன்.