எந்த இடம் நன்றாக இருந்தது?

ஜனவரி 4, 2025, சனி
வடாலா, மும்பை

தியாகராஜர் ஆராதனைக்கு இரண்டு வாரம் இருக்கிறது. சொசைட்டி ஹாலில் இன்று ஒத்திகைக்கு நாட்டை, கௌளை ராகக் கீர்த்தனைகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். கௌளையில் எல்லோருக்கும் ரிஷபம்தான் தகராறு. ஷட்ஜத்தை ஒட்டியே நிற்க வேண்டிய ஸ்வரம் அது. இம்மி ஏறினாலும் ராகத்தின் முகம் மாறிவிடும். ஆன்டாப் ஹில் மாமி அதை ஒரே ஒரு தடவை சரியாகப் பிடித்தார். பக்தி பார்க்கிலிருந்து வருகிற பாலக்காட்டுக்காரர் உடனே "சூப்பர் மாமி!" என்றார். மாமிக்குச் சந்தோஷம். ஆனால் எது சூப்பர் என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்த தடவை ரிஷபம் மறுபடி மேலே போய்விட்டது.

வயலின் வில்லை மடியில் வைத்துவிட்டுச் சொன்னேன்: "மாமி, அதுக்கு முந்தின தடவை அனுபல்லவி முடிஞ்சு பல்லவிக்கு இறங்கினீங்க பாருங்க, அங்கே ரிஷபம் அப்படியே விழுந்தது. அப்போ குரலை அமுக்காம மெதுவா விட்டீங்க." மாமி கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தை மட்டும் முணுமுணுத்தார். வந்தது. "ஓ, இதுவா?" என்றார். அப்புறம் ஒத்திகை முடிகிறவரை அது போகவில்லை.

மாமி மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பாட ஆரம்பித்தவர். திருத்துவதற்கு அவருக்கு ஒரு வாத்தியார் இருக்கிறார். கூடப் பாடுகிற நாங்கள் கொடுக்கக்கூடியது வேறு. அவர் பாடியதில் சரியாக வந்த இடம் எது என்று காது கொடுத்துக் கேட்டு, அதை அவருக்கே அடையாளம் காட்டுவது. பாடுகிறவருக்குத் தான் பாடுவது முழுதாகக் கேட்பதில்லை. அடுத்த ஸ்வரம் என்ன, சாகித்தியம் மறந்துவிடுமோ என்ற கவலையே பாதியைத் தின்றுவிடுகிறது. சரியாக வந்ததுகூட அவருக்குத் தெரியாமலே கடந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் சொன்னால்தான் அது அவருடையதாகும்.

ஜனவரி 6, திங்கள்

ஆங்கிலத் தேதிப்படி தியாகராஜர் மறைந்தது இந்த நாளில்தான், 1847இல். ஆராதனை திதியை வைத்து வருவதால் இந்த வருஷம் பதினெட்டாம் தேதி, புஷ்ய பகுள பஞ்சமி.

செம்பூர்ப் பெண்ணின் அம்மா போன் செய்தார். பெண் பத்தாம் வகுப்பு. தீபாவளிக்குப் பிறகு பாடவே இல்லையாம். ஒரு போட்டியில் நடுவராக இருந்தவர், "உனக்குக் குரலில் கனம் இல்லை" என்று மேடையிலேயே சொல்லிவிட்டார். அதோடு சரி. பரீட்சையைக் காரணம் காட்டித் தம்புரா ஆப்பைக்கூடப் போனிலிருந்து எடுத்துவிட்டாளாம்.

எனக்குக் கோபமே வந்தது. பதினைந்து வயதுக் குரலுக்குக் கனம் எங்கிருந்து வரும்? அந்தக் குழந்தை அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? "மேல் ஸ்தாயியில் மூச்சு போதவில்லை, சரளி வரிசையை மூன்று காலத்தில் அகாரமாகச் சாதகம் செய்" என்று சொல்லியிருந்தால் மறுநாள் காலை எழுந்து செய்ய ஒரு வேலை இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள் என்றேன். பாட வேண்டாம், தாளம் போட ஆள் குறைகிறது, அதற்கு வரட்டும் என்றேன். அது உண்மையும்கூட.

ஜனவரி 10, வெள்ளி

நேற்று இரவு திருச்சூரில் பாடகர் பி. ஜெயச்சந்திரன் காலமானார். எண்பது வயது. பாலக்காட்டுக்காரர் காலையிலேயே செய்தி அனுப்பினார்: "சேச்சி, மனசு சரியில்லை." அவருக்கு மலையாளப் பாட்டுகள் எல்லாம் மனப்பாடம். நமக்கு 'வைதேகி காத்திருந்தாள்' படப் பாட்டு. அந்தக் குரலை எங்கள் பில்டிங்கில் கேட்காத வீடு இருக்காது.

சாயங்காலம் ஒரு பழைய புகைப்படத்தையும் அனுப்பினார், நானும் முன்பே பார்த்ததுதான். 1958இல் கேரளப் பள்ளிக் கலைவிழாவில் சாஸ்திரிய சங்கீதத்தில் முதல் பரிசு வாங்கிய பையன் யேசுதாஸ். மிருதங்கத்தில் முதல் பரிசு வாங்கிய பையன் ஜெயச்சந்திரன். ஒருவர் பாட மற்றவர் வாசிக்கிறார். இரண்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பின்னால் யார் என்ன ஆவார்கள் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? மிருதங்கக்காரர் பாடகராகிவிட்டார்! படத்தில் என் கண்ணுக்குப் படுவது, வாசிக்கிற பையன் பாடுகிற பையனைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதுதான். பாட்டைக் கேட்காமல் மிருதங்கம் வாசிக்க முடியாது. ஒருவேளை அப்படிக் கேட்டதே அவருக்குப் பாட்டாகவும் வந்ததோ என்னவோ.

வைகுண்ட ஏகாதசி. மாட்டுங்காவில் பூக்கடைப் பக்கம் நடக்கவே முடியவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

நீண்ட ஒத்திகை. மோனோ ரயில் எங்கள் குழுவுக்கென்றே போட்ட மாதிரி. பெண் செம்பூரில் ஏறுகிறாள், பாலக்காட்டுக்காரர் பக்தி பார்க்கில், மாமி ஆன்டாப் ஹில்லில். எல்லோரும் வடாலா பிரிட்ஜில் இறங்கி நடந்து வந்துவிடுகிறார்கள். தாராவித் தம்பி மட்டும் சைக்கிளில், மிருதங்கத்தை முதுகில் கட்டிக்கொண்டு.

தம்பிக்குத் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். பை தைக்கிற பட்டறையில் வேலை. இன்று ஆரபி முடிந்ததும், "அக்கா, நல்லதை மட்டும் சொல்றீங்க. எங்க பிசகுதுன்னும் சொல்லுங்க" என்றான். சொன்னேன். தீர்மானம் ஒவ்வொன்றும் இடத்தில் வந்து உட்காருகிறது. வலந்தலையில் சாப்பு சுத்தமாகக் கேட்கிறது. ஆனால் எல்லோரும் சேர்ந்து குரல் எழுப்புகிற இடங்களில் காலப்பிரமாணம் ஓடுகிறது. அது அவன் ஒருவனின் தப்பு இல்லை, நாங்கள் தள்ளுகிறோம், அவன் இழுத்துப் பிடிக்க வேண்டும். தலையாட்டினான். மறுபடி வாசித்தபோது பிடித்தான், நாங்கள்தான் திணறினோம்.

டீ குடிக்கும்போது தாராவியில் ராப் பாடுகிற பையன்களைப் பற்றிச் சொன்னான். 'காலா' படத்தில் பாடிய டோப்அடெலிக்ஸ் குழு அந்தத் தெருக்களில் வளர்ந்ததுதான். அவன் சிநேகிதர்கள் சிலர் இன்னும் ராத்திரி வட்டமாக நின்று பாடுவார்களாம், சைஃபர் என்று பெயர். ஒருவன் வரி மறந்து தடுமாறினால் வாயால் தாளம் போடுகிறவன் நிறுத்த மாட்டான். சுற்றி நிற்பவர்கள் "ஏ, ஏ" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அவன் மறுபடி உள்ளே வருகிறவரை தாளம் காத்திருக்கும். "வட்டத்தை விட்டு யாரையும் வெளியே விடக்கூடாது அக்கா, அதான் ரூல்."

பஜனையிலும் அதுதானே நடக்கிறது என்று மாமி சொன்னார். முன்னால் பாடுகிறவர் ஒரு அடியைப் பாடினால் கோஷ்டி அதையே திருப்பிப் பாடும். சுமாராகப் பாடியிருந்தாலும் இருபது குரலில் திரும்பி வரும்போது அதற்கு ஒரு நிமிர்வு வந்துவிடும். அடுத்த அடிக்குத் தைரியம் அங்கிருந்துதான் கிடைக்கிறது. மார்கழி முழுக்க விடிகாலையில் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அப்படியிருந்தும் பக்கத்தில் ஒருத்தி பாடினால் 'சூப்பர்' என்பதற்கு மேல் வாய் வருவதில்லை. இது எனக்கு உறுத்துகிறது.

பெண் முழு நேரமும் தாளம் போட்டாள். ஒரு தடவைகூடப் பிசகவில்லை. அதைச் சொன்னேன். "நிஜமாவா ஆன்ட்டி?" என்றாள். ஆரபியில் ஒவ்வொரு சரணமும் முடிந்து எடுப்புக்குத் திரும்புகிற இடத்தில் எல்லோரும் அவள் கையைத்தான் பார்த்தோம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் பெண்கள் வரிசையாகப் பானை வைத்திருந்தார்கள். தம்பி வீட்டில் சாப்பாடு. அவன் அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்: உங்கள் மகன் வாசித்தால் பயமில்லாமல் பாடலாம் என்று. அவர் அதை ஊரிலிருந்து வந்திருந்த தன் தம்பியிடம் திருப்பிச் சொன்னார்.

ஜனவரி 16, வியாழன்

வராளி. இதைக் குரு சிஷ்யனுக்கு நேரே சொல்லிக்கொடுத்தால் இருவருக்கும் பிரிவு வரும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் பலரும் கேட்டே கற்கிறார்கள். நம்பிக்கை எப்படியோ இருக்கட்டும், அந்த மத்யமத்தைச் சொல்லித்தரவும் முடியாது. பஞ்சமத்தை இடிக்கிற அளவுக்கு ஏறி நிற்க வேண்டும். கேட்டுக் கேட்டுத்தான் வரும். பாலக்காட்டுக்காரர் இன்று மாமியிடம், "மாமி, இப்போ சரணத்தில் மத்யமத்தில் நின்னீங்களே, அங்கே எனக்கும் இடம் புரிஞ்சது" என்றார். அவர் சூப்பர் சொல்லவில்லை! மாமிக்கு முகம் மலர்ந்தது.

மாமி சின்ன வயதில் பாடியது கொலுவுக்கு மட்டும். மேலே கற்க வீட்டில் விடவில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாளைப் பற்றிப் பேச்சு வந்தது. தன் சொத்தைச் செலவழித்துத் திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைக் கோயிலாகக் கட்டினார், 1925இல் கும்பாபிஷேகம். அப்படியும் ஆண்கள் நடத்திய ஆராதனையில் பெண்களுக்குப் பாட இடமில்லை. அவர் பெண்களைச் சேர்த்துத் தனியாக நடத்தினார். "அந்தம்மா இல்லேன்னா நான் பதினெட்டாம் தேதி பாட முடியுமா?" என்றார் மாமி. யாரும் பேசவில்லை. தம்பி சுருதி சேர்க்க ஆரம்பித்தான்.

ஜனவரி 18, சனி

மாட்டுங்கா, செம்பூர் என்று பெரிய கோஷ்டிகள் உண்டு. எங்களுடையது சொசைட்டி ஹால் கோஷ்டி. ஒரு படம், ஒரு விளக்கு, சுண்டல். அக்கம்பக்கத்து மராத்திக் குடும்பங்களும் வந்து உட்கார்ந்திருந்தன. வடாலா விட்டல் கோயிலில் அபங்கம் பாடுகிற பெரியவர் ஒருவர் ஓரத்தில் அமர்ந்து கையில் தாளம் போட்டார். தெலுங்குச் சாகித்தியம் அவருக்குப் புரிந்திருக்காது. தாளம் தப்பவில்லை.

நாட்டை தடுமாறித்தான் நிமிர்ந்தது. கௌளையில் மாமியின் ரிஷபம் நின்றது. ஆரபி ஓடவில்லை, தம்பி பிடித்துவைத்தான். வராளியில் நானே ஒரு சரணத்தில் பின்தங்கினேன், கோஷ்டி என்னை இழுத்துக்கொண்டு போனது. ஸ்ரீராகத்தில் ஸ்வரம் முடிந்து சாகித்தியம் தொடங்கும்போது என் இடப்பக்கத்தில் மெல்லிய குரல் ஒன்று சேர்ந்தது. பெண் பாடினாள். தாளத்தை விடாமல் பாடினாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் நிறுத்திவிடுவாள் என்று பயம். வயலினைக் கொஞ்சம் தணித்து வாசித்தேன்.

முடிந்ததும் அபங்கப் பெரியவர் தம்பியிடம் வந்து, நடுவில் ஒரு இடத்தில் மிருதங்கத்தை அடக்கி வாசித்தானே, அது ஏன் என்று கேட்டார். தம்பி விளக்கினான். இருவரும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் மராத்தியில், ஒருவர் பம்பாய் இந்தியில்.

ஜனவரி 20, திங்கள்

காலையில் பெண் ஒரு ஒலிப்பதிவு அனுப்பியிருந்தாள். ஸ்ரீராகம், ஒரு சரணம் மட்டும், தம்புரா ஆப்போடு. கீழே ஒரு வரி: "ஆன்ட்டி, எப்படி இருக்குன்னு உண்மையா சொல்லுங்க."

லோக்கலில் நிற்க இடமில்லை. ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் ஹெட்போன் போட்டு மறுபடி மறுபடி கேட்டேன். குரல் மெலிசுதான். ஆனால் சுருதி விலகவே இல்லை. எழுதி அனுப்பினேன்:

"ரிஷபத்திலிருந்து காந்தாரத்தைத் தொட்டு மறுபடி ரிஷபத்துக்கு வர்றியே, அந்தப் பிடி ரொம்ப அழகா வந்திருக்கு. அவசரப்படலை. அதே மாதிரி எப்பவும் பாடு. மேல் ஷட்ஜத்துக்குப் போகும்போது மூச்சு முன்னாடியே தீர்ந்துடறது. நிஷாதத்துக்கு முன்னால் ஒரு இடைவெளி வருது பார், அங்கே மூச்சு எடுத்துக்கோ. இந்த வாரம் அது ஒண்ணு மட்டும் செய்து பார். சனிக்கிழமை தம்பியும் வரான், அவன் வாசிக்க நீ பாடு."

அவள் பதில் அனுப்பினாள்: "நிஷாதத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" முன்னாடி என்று எழுதி, அந்த இடத்தை வாயால் பாடிப் பதிவு செய்து அனுப்பினேன். பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.