கொதிநிலை

பாடநூல் பணியின் பொருட்டு வடகோடிப் பள்ளிகளைக் காண லடாக் சென்றிருந்தேன். ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் இரண்டு நாள் தங்கி, மூச்சு நிலைப்பட்ட பின்னரே பயணத்தைத் தொடர்ந்தேன். சிந்து ஆற்றின் கரையோரம் நெடுந்தொலைவு சென்ற சாலை, மரமற்ற மலைகளினூடே புகா பள்ளத்தாக்கை அடைந்தது. அதன் உயரம் ஏறத்தாழ 4,400 மீட்டர். பஷ்மினா ஆடுகளை மேய்த்து இடம்பெயர்ந்து வாழும் சாங்பா மக்களின் பிள்ளைகள் அங்குள்ள விடுதிப் பள்ளியில் பயில்கின்றனர்.

“ஜூலே!” என்று வரவேற்ற மாணவர்களிடம், “நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?” என்று இந்தியில் வினவினேன்.

“நூறு” என்றனர் ஒரே குரலில். ஒரு சிறுமி மட்டும் தயங்கி எழுந்தாள்.

“ஐயா, தேர்வில் நூறு, எங்கள் அடுப்பில் எண்பத்தைந்து. வெப்பமானி வைத்துப் பார்த்தோம்.”

அவள் கூற்றே மெய். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும்; கொதிநிலையும் தாழும். ஆயினும், கண்டதை எழுதினால் மதிப்பெண் போய்விடும் என்பதை அப்பிள்ளை அறிந்திருந்தாள். ‘கடல் மட்டத்தில்’ என்னும் இரு சொற்களை நூல் விட்டுவிட்டதால், அவளது மெய் பிழையாகிவிட்டது.

ஊர் திரும்பியதும் நான் எழுதிய தமிழ்ப் பாடங்களைப் புரட்டினேன். ‘நாம் அனைவரும் கண்டு மகிழ்ந்த கடல்’ என்றொரு தொடர். கொல்லிமலைச் சிற்றூரில் அதனை வாசிக்கும் பிள்ளையை எண்ணினேன், நாணத்துடன் திருத்தினேன்.

மாணவர்களே, நூல் ஒன்று கூற, உங்கள் கண் வேறொன்று காணுமாயின், எழுந்து சொல்லுங்கள். நூல் எழுதுவோர்க்கும் ஆசிரியர் வேண்டும்.