சிலந்தி ஊரும் திண்டிவனத்துப் பாம்பும்

1977-ல் வந்த 'கிங்டம் ஆஃப் தி ஸ்பைடர்ஸ்' சின்ன பட்ஜெட் ஹாலிவுட் பேய்ப்பட வகையறா. பேய்க்குப் பதில் சிலந்தி, அவ்வளவுதான்! அரிசோனாவில் ஒரு சின்ன ஊர். டரான்டுலா சிலந்திகள் முதலில் கன்றுக்குட்டியைக் கொல்கின்றன, பிறகு மனிதர்களை. காரணம்? பூச்சிமருந்து அடித்தே அவற்றின் தீனியை மனிதன் அழித்துவிட்டான். கிராபிக்ஸ் இல்லாத காலம். ஆயிரக்கணக்கில் நிஜச் சிலந்திகளை விட்டே எடுத்தார்கள். உண்மையில் டரான்டுலா பாவம், கூச்ச சுபாவி. கடித்தாலும் ஆள் சாவதில்லை.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்தக் காரணம் மட்டும் சிரிப்பில்லை.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நெல்வயலில் எலி தின்ன வரும் சாரையைக்கூட நல்லபாம்பு என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். தின்ன ஆளில்லாமல் எலி பெருகும். எலி இருக்கும் இடத்துக்கு அடுத்த பாம்பு வரும், சில சமயம் கண்ணாடிவிரியனாக!

இந்தப் பக்கத்து இருளர்களுக்கு வயலில் எலி பிடிப்பது பழைய தொழில். அதே இருளர்கள் 1978-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கிறது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுவார்கள். விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருள் அந்த விஷம்தான்.

பாம்பு கடித்தால் மந்திரம் தேடாமல் உடனே ஜி.எச். போக வேண்டும். அங்கே ஏற்றும் மருந்து, அடிபடாமல் தப்பிய ஏதோ சில பாம்புகள் கொடுத்தது.