வியந்தவனும் இகழ்ந்தவனும்



பெரியோரைப் போற்றுவதில் எனக்கு என்றுமே குறை இருந்ததில்லை. என் மேசைக் கண்ணாடியின் அடியில் வள்ளலார் படம் உண்டு. வெள்ளிதோறும் கோயிலுக்குச் செல்வதும் உண்டு. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் அன்னை மங்களம் மறைந்த செய்தி வந்தபோது, நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு பாட வேளை முழுவதும் அவரைப் பற்றியே பேசினேன். 1926இல் சிங்கப்பூரில் பிறந்தவர். சுவாமி சத்தியானந்தா 1949இல் கோலாலம்பூரில் தோற்றுவித்த சுத்த சமாஜத்திற்குத் தம்மை ஒப்படைத்தவர். 1961இல் சுவாமி சாலை விபத்தில் மறைந்தபின் அப்பொறுப்பைத் தாமே ஏற்று, ஆதரவற்ற குழந்தைகளுக்கு அன்னையாகி, 97 அகவை வரை வாழ்ந்தவர். இவற்றைச் சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது. பிள்ளைகளும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தனர்.

மணி அடித்தது. அடுத்த வேளை, கட்டுரை நூல்களைத் திருப்பிக் கொடுக்கும் வேளை.

அவ்வகுப்பில் ஒரு மாணவன். பின் வரிசையில் அமர்பவன், எழுத்துப்பிழை மலிந்த எழுத்து, பேச்சும் குறைவு. 'என் பாட்டி' என்ற தலைப்பில் அவன் எழுதிய கட்டுரையில், விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் பால்மரம் சீவச் சென்ற ஒரு பெண் இருந்தாள். கோட்டில் வழிந்த பாலை, சத்தம் போடாமல் அழும் குழந்தையின் கண்ணீர் என்று எழுதியிருந்தான். பத்து வயதுப் பிள்ளைக்கு, அதிலும் இவனுக்கு, இப்படியொரு உவமை வருமா? ஏதோ வழிகாட்டி நூலிலிருந்து எடுத்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். புள்ளி போடவில்லை. சிவப்பு மையால் "இது உன் சொந்த எழுத்தா?" என்று எழுதியிருந்தேன். அதையே வகுப்பின் முன் உரக்கவும் கேட்டேன். அவன் தலைகுனிந்து நின்றான். அந்த மௌனத்தை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, திருடுவது எவ்வளவு இழிவானது என்று ஐந்து நிமிடம் அறிவுரை வேறு வழங்கினேன். அன்னையைப் பற்றிப் பேசித் தழுதழுத்த அதே குரல்தான்!

மறுநாள் பள்ளி வாசலில் அவன் பாட்டியே என்னைக் கண்டார். குறை சொல்ல வரவில்லை. நன்றி சொல்ல வந்திருந்தார். "ரெண்டு ராத்திரி என்னைத் தூங்கவிடாம கேட்டுக் கேட்டு எழுதினான் ஐயா. பால் வடியறது எப்படி இருக்கும்னு கேட்டான். புள்ளைங்க சத்தமில்லாம அழுவுமே, அது மாதிரின்னு சொன்னேன். நல்லா எழுதியிருக்கானுங்களா?"

வகுப்பில் நடந்ததை அவன் வீட்டில் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. "நன்றாக எழுதியிருக்கிறான்மா" என்று சொல்லிவிட்டு, வேலை இருப்பவனைப் போல் உள்ளே நடந்தேன்.

அதன்பின் பதினோரு நாள்கள்! செய்த தவற்றைவிட அந்த நாள்களை எண்ணித்தான் இன்றும் நாணுகிறேன். அவனைக் கரும்பலகை துடைக்க அழைத்தேன். வரிசையில் முதலில் நிற்க வைத்தேன். ஒரு நாள் பென்சில் பெட்டி ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். ஒரு சொல்லைச் சொல்ல அஞ்சி, பொருளாகக் கொடுத்துக் கணக்கை முடிக்கப் பார்த்தேன். மாணவர்முன் மன்னிப்புக் கேட்டால் ஆசிரியரின் மதிப்பு என்னாவது என்றொரு சாக்கும் இருந்தது. இந்தச் சாக்கை நம்மில் பலர் அறிவோம் என்றே நினைக்கிறேன். அவ்வெள்ளியும் கோயிலுக்குச் சென்றேன். மூன்று முறைக்குப் பதில் ஒன்பது முறை சுற்றினேன். வலித்தது கால்தான்.

வீட்டில் ஒருநாள் ஆறாம் ஆண்டுக்கான பாடக்குறிப்பு எழுதும்போது புறநானூற்றின் 192ஆம் பாடல் கண்ணில் பட்டது. கணியன் பூங்குன்றனாரின் அப்பாடலுக்கு முதல் அடியே நாடறிந்த அடி. மேடைதோறும் நானும் முழங்கியிருக்கிறேன். முடிவில் அவர் சொல்வதை மட்டும் நின்று படித்ததில்லை. பெரியோரை வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழ்வதோ அதனினும் இல்லை என்கிறார். இவ்விரண்டையும் ஏன் ஒருசேர வைத்தார்? யாரைப் போற்றலாம் என்று உயரத்தை அளந்து பழகிய கண், கீழே இருப்பவனையும் அளக்கத்தானே செய்யும்? அன்னையின் முன் அமர்ந்த ஒவ்வொரு பிள்ளையையும் அவர் அளந்து பார்த்திருந்தால், அவருக்கு அன்னை என்ற பெயர் ஏது? நான் அவரை வியந்தேன். ஆயினும் அடுத்த மணியில் ஒரு குழந்தையின் எழுத்தைப் பார்க்காமல் குழந்தையின் தரத்தைப் பார்த்தேன். இதற்கு நானறிந்தவரை இதுவே விளக்கம். தமிழறிந்தோர் வேறு பொருள் கூறினால் ஏற்றுக்கொள்வேன்.

பன்னிரண்டாம் நாள், ஓய்வு நேரத்திற்குச் சற்று முன், வகுப்பின் முன்னால் நின்றேன். தனியே அழைத்துச் சொல்லிவிடலாம் என்று மனம் கடைசி வரை பேரம் பேசியது. எல்லார் முன்னிலையில் பழித்ததை எல்லார் முன்னிலையில்தானே எடுக்க வேண்டும்? "அந்தக் கட்டுரை அவனுடையது. நான் விசாரிக்காமல் பழி சொன்னேன். தவறு என்னுடையது. என்னை மன்னித்துவிடப்பா" என்றேன். நாக்கு வறண்டிருந்தது.

வகுப்பு அமைதியாக இருந்தது. அவன் எழுந்து நின்றான். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறான் என்று நான் காத்திருந்தேன்.

"அப்படின்னா எனக்கு எத்தனை புள்ளி ஐயா?"

பிள்ளைகள் சிரித்துவிட்டனர், நானும்தான். கட்டுரை நூலைக் கொண்டுவரச் சொன்னேன். புள்ளிக்கான கட்டம் இன்னும் வெறுமையாகவே இருந்தது. சிவப்பு வரியின் மேல் ஒரு கோடு இழுத்து, அருகில் கையொப்பமிட்டு, கட்டுரையை முதல் வரியிலிருந்து மீண்டும் படிக்கத் தொடங்கினேன். ஓய்வு மணி அடித்தும் அவன் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடாமல், நான் படித்து முடிக்கும் வரை மேசையருகிலேயே நின்றிருந்தான்.