ரத்தத்தில் இல்லை

எனக்குப் பறையடிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் கம்ப்யூட்டரில் இசை செய்து பழகுகிறேன் என்று சொன்னதும் எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன செய்தார் என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார்கள். விசாரித்து முடித்ததும் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுதான் வரும்: "அப்புறம் என்ன, உங்களுக்கு ரத்தத்துலயே இருக்குமே!" பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். நம்முடைய தோழர்களே சொல்கிறார்கள். அந்தப் பாராட்டு என்னை இரண்டு வருஷத்துக்கு மேல் முடக்கிப் போட்டது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்பா மேளக்காரர். திண்டிவனம் பக்கம் எங்க ஊர். சேரியில் எட்டுப் பேர் சேர்ந்த செட்டு. ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் நடுராத்திரியிலும் ஆள் வரும். வருகிறவன் பத்து வயசுப் பொடியனாக இருந்தாலும் அப்பாவைப் பேர் சொல்லி 'டா' போட்டுத்தான் கூப்பிடுவான். பிணம் எடுக்கிற வரைக்கும் அடிக்கணும். கூலி பேச முடியாது, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வரணும். 1990களின் நடுவில் சேரி இளைஞர்கள் கூடி, இனிமேல் ஊர்ச் சாவுக்கு மேளம் கிடையாது என்று முடிவெடுத்தார்கள். அதற்குத் தண்டனையாக மூன்று மாசம் எங்களுக்கு வயல் வேலை இல்லை, கடையில் சாமான் இல்லை. அப்பா பறையைத் தூக்கிப் பரண்மேல் போட்டார். அப்போது நான் மூணாவது படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஏறி அதைத் தொட்டுப் பார்த்தேன். முதுகில் விழுந்தது ஒரு அறை.

"இது என்னோட போவட்டும். நீ படி."

எனக்கு வந்து சேர்ந்த பரம்பரைச் சொத்து அந்த அறை மட்டும்தான்.

2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நானும் நின்றேன். கானாவும் பறையும் கிட்டாரும் ராப்பும் ஒரே மேடையில். அதுவரைக்கும் இசை என்பது மற்றவர்கள் செய்வது, நாம் கேட்பது என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த மாசமே பதினெட்டாயிரம் ரூபாய்க்குப் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன். இசை செய்கிற மென்பொருளை ஏற்றினேன்.

தெரியாதவர்களுக்காக அந்த வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். திரையில் வரிசையாகப் பதினாறு பெட்டிகள் இருக்கும். எந்தப் பெட்டியைத் தொடுகிறோமோ அந்த இடத்தில் ஒரு அடி விழும். நாலு துடிப்பு சேர்ந்தால் ஒரு 'பார்'. ஒரு துடிப்புக்கு நாலு பெட்டி வீதம் பதினாறு. ஒரு வரிசையில் அடி மேளம், அடுத்ததில் கைதட்டல், அதற்கும் அடுத்ததில் ஜால்ரா மாதிரி ஒரு சத்தம். பத்து நிமிஷத்தில் எட்டு பார் தயாராகிவிடும். கேட்கவும் நன்றாக இருக்கும். பிரச்சினை ஒன்பதாவது பாரில். அங்கே என்ன வரணும் என்று தெரியாது. திரும்ப முதலிலிருந்து ஓடவிட்டுக் கேட்பேன். ஐம்பது தடவை கேட்டால் நல்லதும் நாறிப்போகும். அதை மூடிவிட்டுப் புதுசாக இன்னொன்றைத் தொடங்குவேன். இரண்டு வருஷ முடிவில் என்னிடம் நாற்பத்தொரு கோப்புகள் இருந்தன. எல்லாம் எட்டே எட்டு பார். ஒன்றுகூட முடிந்த பாட்டு இல்லை.

முதலில் லேப்டாப்பைக் குறை சொன்னேன். அப்புறம் ஹெட்போனை. அப்புறம் 'நல்ல சத்தங்கள்' இல்லை என்று ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து சத்தங்களை இறக்கிச் சேர்த்தேன். மேள வகை மட்டுமே ஆயிரக்கணக்கில் சேர்ந்தது. விதை வாங்கி வாங்கி அடுக்கி வைத்துவிட்டு ஏர் பூட்டாதவன் கதைதான்.

குறை சொல்ல இதெல்லாம் தீர்ந்துபோன பிறகுதான் அந்தப் பாராட்டு வேலை செய்ய ஆரம்பித்தது. ரத்தத்திலேயே இருக்கும் என்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் வரவில்லை? மற்றவனுக்கு வரவில்லையென்றால் பழக்கம் போதவில்லை என்று அர்த்தம். எனக்கு வரவில்லையென்றால்? இசைக்காரனும் இல்லை, எங்கப்பனுக்குப் பிள்ளையும் இல்லை. வெளியே சொல்ல வெட்கம். யாரிடமாவது கற்றுக்கொள்ளப் போகவும் வெட்கம். 'உனக்கே சொல்லித் தரணுமா' என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

அக்ரகாரத்துப் பிள்ளை விடியற்காலையில் எழுந்து பத்து வருஷம் சரளி வரிசை பாடினால் அதற்குச் 'சாதகம்' என்று பெயர். குரு உண்டு, அரங்கேற்றம் உண்டு, அதுவரை அபஸ்வரமாகப் பாடுகிற உரிமையும் உண்டு. எங்க ஆள் அடித்தால் அது ரத்தம், மண்வாசனை. அவனுடைய உழைப்பு கணக்கிலேயே வராது. பிறப்பினால் தொழில் என்று மனு சொன்னதைப் பிறப்பினால் திறமை என்று மாற்றிச் சொன்னால் பாராட்டாகிவிடுமா?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வேலையும் போனது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். ஒரு மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து நாற்பத்திரண்டாவது எட்டு பாரைக் குடைந்துகொண்டிருந்தேன். அதில் எங்கிருந்தோ இறக்கிய பறைச் சத்தம் ஒன்றைச் சேர்த்திருந்தேன். அப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவர் தலையைத் தூக்கினார்.

"யாருடா அடிக்கிறது?"

பார்த்தேன். கோப்பின் பெயரில் ஒரு நம்பரும் வேகமும் மட்டும்தான் இருந்தன. அடித்தவர் பெயர் இல்லை. ஊர் இல்லை.

"தெரியலப்பா."

"அடிச்சவனுக்குப் பேரு கூடவா இல்ல?" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார்.

அப்போது எனக்கு கிரெகரி கோல்மன் ஞாபகம் வந்தது. அமெரிக்கக் கறுப்பினத்து டிரம்மர். 1969இல் 'தி வின்ஸ்டன்ஸ்' குழு வெளியிட்ட 'ஆமென், பிரதர்' பாட்டில் அவர் தனியாக அடித்தது நாலே நாலு பார், ஏழு விநாடிகூட முழுசாக வராது. பிற்பாடு அந்தத் துண்டை வெட்டியெடுத்து ஆயிரக்கணக்கான பாட்டுகளில் போட்டுக்கொண்டார்கள். 'ஜங்கிள்' என்கிற ஒரு இசைவகையே அதன்மேல் எழும்பி நின்றது. அவருக்கு ஒரு காசு வரவில்லை. 2006இல் வீடில்லாமல் செத்துப்போனார். கறுப்பின மக்களைப் பற்றியும் உலகம் இதையேதான் சொல்லியது, தாளம் அவர்கள் ரத்தத்தில் ஓடுகிறது என்று. ரத்தத்தில் தானாக ஓடுவதற்கு யார் கூலி கொடுப்பார்கள்? ஓடுகிற தண்ணீரை மொண்டுகொள்கிற மாதிரி மொண்டுகொண்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பாவே எழுந்து வந்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். கேட்டார்.

"நாலு நாலா நறுக்கி வச்சிருக்க. இது மூணுடா."

சோற்றுத் தட்டைக் கவிழ்த்து விரலால் தட்டிக் காட்டினார். ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் மூன்று அடி ஓடியது. நானோ அதைத் துடிப்புக்கு நாலு பெட்டி என்கிற சட்டத்துக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷமாக இடறிய இடம் அதுதான். மென்பொருளில் துடிப்பை மூன்றாகப் பிரிக்கவும் வழி இருந்தது, ஒரு பாருக்குப் பன்னிரண்டு பெட்டி. இயந்திரம் என்னைத் தடுக்கவில்லை. முதலில் கண்ணில் பட்ட சட்டம்தான் இசையின் சட்டம் என்று நானாக நம்பிக்கொண்டேன்.

"உனக்கு இதெல்லாம் எப்பிடிப்பா வந்துச்சி?" என்று கேட்டேன். அவரிடம் அதை அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை.

"வந்துச்சா? மூணு வருஷம் ஒடைஞ்ச மொறத்துல அடிச்சண்டா. உங்க தாத்தா மேளத்தத் தொடவே உடல. ஒரே அடிய நாள் பூரா அடிக்கச் சொல்லுவாரு. தப்பிப்போனா குச்சியாலயே மொட்டியில அடி. கூட அடிக்கிறவன் எங்க நிக்கிறான்னு காது குடுத்துக் கேக்கவே ஒரு வருஷம் ஆச்சி."

"ரத்தத்துலயே இருக்குதுன்னு சொல்றாங்களே?"

"கையில ரத்தம் வந்துச்சி. அத வேணா சொல்லு."

பறையைத் தூக்கியெறிவதா, எடுத்து அடிப்பதா என்று நம் இயக்கங்களுக்குள் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. இழிவு இது, விட்டொழி என்றவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. எங்க கலை இது, எங்க ஆயுதம் இது என்றவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் கற்றுக்கொள்கிற பாடு பற்றி நாம் அதிகம் பேசவில்லை. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் இளம்பெண்கள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையேறினார்கள். கிராமத்தில் பறை ஆண்கள் கையில்தான் இருந்தது. அந்தப் பெண்கள் அடியைக் கற்றுக்கொண்டு, பழகித்தான் ஏறினார்கள். ரத்தத்தில் இருந்தால் பயிற்சி எதற்கு?

அன்றைக்கே நாற்பத்திரண்டு கோப்புகளையும் தூக்கி ஓரமாக வைத்தேன். எனக்கு நானே உடைந்த முறம் ஒன்று தேடினேன். சத்தங்களை எல்லாம் அழித்துவிட்டு எட்டே எட்டை மட்டும் வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பாட்டு, நல்லதோ கெட்டதோ, பொழுது சாய்வதற்குள் முடிக்கணும். ஒன்பதாவது பாரில் என்ன செய்வது என்று தெரியாதபோது பிடித்த பாட்டு ஒன்றைப் போட்டு நோட்டில் எழுதினேன். எத்தனையாவது பாரில் மேளம் நுழைகிறது, எங்கே எல்லாம் அடங்கிக் குரல் மட்டும் நிற்கிறது, எங்கே திரும்ப வருகிறது. அந்தக் கணக்கின்மேல் என் சத்தங்களை வைத்துப் பார்த்தேன். பாட்டை முன்னே நகர்த்துவது சேர்ப்பது மட்டுமல்ல, எடுப்பதும்தான் என்று அப்படித்தான் தெரிந்தது.

என்னுடைய அடிகள் எல்லாம் ஒரே பலத்தில் விழுந்துகொண்டிருந்தன. இசைக் கருவிகளும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்வதற்கு 1983இல் வந்த 'மிடி' முறையில் ஒரு அடியின் பலத்தை 1 முதல் 127 வரைக்கும் மாற்றலாம். பறையில் அடிக்குச்சி கொடுக்கிற அறைக்கும் சிண்டுக்குச்சி கொடுக்கிற சிணுங்கலுக்கும் உள்ள தூரம் அந்த எண்களுக்குள்தான் இருக்கிறது. உட்கார்ந்து ஒவ்வொரு அடியாக மாற்றினேன். அடி மேளமும் 'பேஸ்' என்கிற கீழ்ச் சத்தமும் ஒன்றை ஒன்று விழுங்கின. லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில் நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் கேட்காது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கேட்காத இடத்தில் நான் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். மேளம் விழும்போது பேஸ் வாய்மூடி இருக்கும்படி வைத்தேன். இரண்டும் பிழைத்தன.

அப்போது எனக்குத் துணையாக இருந்தது சிகாகோ இளைஞர்களின் கதை. ரோலண்ட் கம்பெனி 'டி.பி.303' என்று ஒரு கருவி செய்தது. பேஸ் கிட்டார்க்காரர் இல்லாத இடத்தில் அவருக்குப் பதிலாக வாசிக்கட்டும் என்பது நோக்கம். கிட்டார் மாதிரி கேட்கவில்லை, விலைபோகவில்லை, 1984இல் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். கறுப்பின இளைஞர்கள் மூன்று பேர், 'ஃப்யூச்சர்' என்ற குழு, அதைப் பழைய விலைக்கு வாங்கினார்கள். எப்படி இயக்குவது என்று சொல்லும் கையேடு அவர்களிடம் இல்லை. திருகுகளை இஷ்டத்துக்குத் திருப்பிக்கொண்டே மணிக்கணக்காகக் கேட்டார்கள். அதிலிருந்து வந்தது 1987இல் வெளியான 'ஆசிட் ட்ராக்ஸ்'. ஒரு புது இசையே அதிலிருந்து கிளம்பியது. தெரியாமல் திருகியதால் வந்தது என்று கதையை அதோடு முடித்துவிடுகிறார்கள். மணிக்கணக்காகக் கேட்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

2021 முடிவில் அறுபத்திரண்டு பாட்டு முடித்திருந்தேன். ஐம்பதுக்கு மேல் குப்பை. அதில் எனக்கு வெட்கம் இல்லை, மொட்டியில் விழுந்த அடிகள் அவை. மிச்சத்தில் ஒன்றை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன். நாலு நிமிஷம் பத்து விநாடி. அதற்காக அப்பாவைப் பறை அடிக்கச் சொல்லிக் கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டார். உட்டது உட்டதுதான் என்றார். அது அவர் எடுத்த முடிவு, அதை மாற்ற எனக்கு உரிமை இல்லை. சோற்றுத் தட்டில் தட்டித் தரச் சம்மதித்தார். செல்போனில் பதிவுசெய்தேன். அந்தக் கோப்புக்கு அவர் பெயரை வைத்தேன். முழுப் பெயர், அப்பன் பெயரின் முதலெழுத்தோடு. பாட்டு முடிந்து கேட்டவர், "நடுவுல இழுக்குதுடா" என்றார். சந்தோஷமாக இருந்தது. என் வேலையைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் குறை அது. இழுக்கத்தான் செய்தது. வெட்டினேன்.

இப்போது ஊருக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் எங்க தெருவில் இருந்து இரண்டு பெண்பிள்ளைகள் லேப்டாப்பில் பழக வருகிறார்கள். போன வாரம் சின்னவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"எனக்கு வரலண்ணா."

"வராதும்மா," என்றேன். "மூணு வருஷம் ஆவும். போடு, இன்னொரு தடவ கேப்போம்."